வாசனை மெழுகுவர்த்தியும் வெயிலுமுத்துவின் இருமலும்

எங்கள் கரிசல் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனாலும், கஷ்டப்படுகிற ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். கால் உடைந்தவனுக்கு உதவித்தொகை வேண்டுமென்றால் அவனைக் கட்டிலோடு தூக்கிப் போய் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் இறக்கிவிடுவார்கள். மனுவை யார் படிக்கிறார்கள்? ஆளைக் கண்ணால் பார்த்தால் அதிகாரிக்கு மனசு இளகும் என்று ஒரு நம்பிக்கை. பத்திரகாளியும் அப்படி நம்பித்தான் தன் புருஷன் வெயிலுமுத்துவை நறுமணப் பொருள் பாதுகாப்பு வாரியத்தின் கோவில்பட்டிக் கோட்ட அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதிகாரி அவரைப் பார்த்தார். மனசு இளகவில்லை. யோசனை வந்தது. அதிகாரிக்கு யோசனை வருவதைவிடக் கோபம் வருவது எவ்வளவோ மேல் என்று பத்திரகாளிக்கு அப்போது தெரியாது.

வெயிலுமுத்து புதூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு, பிழைக்கக் கோவில்பட்டிக்கு வந்தவர். தீப்பெட்டி ஆபீசில் குச்சி முனையை மருந்தில் முக்குகிற வேலை. மீசை முளைத்த நாளில் தொடங்கி அந்த மீசை நரைக்கும்வரை அதே வேலைதான். அந்த மருந்து நாட்டில் எத்தனையோ அடுப்பைப் பற்றவைத்தது, எத்தனையோ பீடியைப் பற்றவைத்தது, கடைசியில் வெயிலுமுத்துவின் நெஞ்சுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. இளைப்பு. ராத்திரியில் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுத்து இழுத்து வாங்குவார்.

அவரைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது என்பதால் பத்திரகாளி வீட்டிலேயே மெழுகுவர்த்தி ஊற்ற ஆரம்பித்தாள். கொடைக்கானல், குற்றாலம் லாட்ஜுகளுக்கெல்லாம் அப்போது வாசனை மெழுகுவர்த்தி மேல் மோகம் பிடித்திருந்த காலம். செல்போன் முதலாளிமார் சட்டைப்பையில் மட்டும் கிடந்த காலம் அது. மெழுகுவர்த்தி மொத்த வியாபாரி தங்கப்பாண்டியன் அண்ணாச்சி மெழுகும் அச்சும் கொடுப்பார். ஒரு டிரம்மில் ரோஸ் செண்டும் கொடுப்பார். டிரம்மின் மேலே ஒரு மண்டையோட்டுப் படம் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே வாரியத்தின் முத்திரை, ‘பாதுகாப்பானது’ என்று இருக்கும். அந்த டிரம்மைத் திறந்த முதல் நாளே வெயிலுமுத்துவுக்குக் கண் செருகிவிட்டது. ஒற்றை அறை வீடு. அடுப்பும் அங்கேதான், அவர் பாயும் அங்கேதான்.

பத்திரகாளி பயந்துபோனாள். ஆனால் உலை வைக்க வேண்டுமே. அதனால் அவளாகவே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கத் தொடங்கினாள். பழுப்பு மெழுகை விட்டாள். வாடையே இல்லாத வெள்ளைக் கட்டியாகத் தேடி வாங்கினாள். நெருப்பில் நேராக வைத்தால் மெழுகு கருகிப் புகைகிறது என்று, வெந்நீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை இறக்கி உருக்கினாள். கடைத் திரிக்குள் ஒரு மெல்லிய கம்பி ஓடியது. எந்த உலோகமோ, எதற்கு வம்பு என்று அதைத் தூர எறிந்துவிட்டுக் கரிசல் பஞ்சில் தானே திரி முறுக்கினாள். சாயப்பொடியை நிறுத்தினாள். வாசனைக்கு நாட்டுமருந்துக் கடையில் வெட்டிவேர் எண்ணெய் வாங்கிச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பார்த்தாள். நல்ல எண்ணெய்தானே என்று ஒரு தடவை தாராளமாக ஊற்றியதில் வெயிலுமுத்து இருமித் தீர்த்துவிட்டார். அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அளவைக் குறைத்தாள். கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து, அவரை வாசலோரம் உட்கார்த்திவிட்டு, அவர் தொண்டையைக் கனைத்தாலே திரியை அணைத்துவிடுவாள்.

ஒருநாள் மெழுகுவர்த்தி முழுசாக எரிந்து முடிந்தது. வெயிலுமுத்து இருமவில்லை.

“ஏட்டி, இது நல்லாத்தாம்ட்டி இருக்கு. மழ பெஞ்ச காட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

பத்திரகாளி அன்றைக்கே அதே அளவில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மறுநாளே ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கித் தங்கப்பாண்டியன் கடைக்கு எடுத்துப் போனாள். அண்ணாச்சி முகர்ந்து பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார்.

“ஆனா தாயி, இதுல வாரிய முத்திர இல்லையே? முத்திர இல்லாத சரக்க லாட்ஜ்க்காரன் தொடமாட்டான். ஒண்ணு முத்திர வாங்கிட்டு வா. இல்லைன்னா எப்பவும்போல நம்ம செண்ட ஊத்து. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“அந்த செண்ட ஊத்துனா அவியளுக்கு மூச்சு நின்னுரும் அண்ணாச்சி.”

“அதுக்கு நான் என்ன செய்யட்டும்? முத்திர இருக்க செண்டு அது.”

ஆக, முத்திரை கிடைத்தால் வெயிலுமுத்து மூச்சு விடலாம். கிடைக்காவிட்டால் அந்த டிரம் வீட்டுக்குள் வந்துவிடும். இதற்கு நடுவில் மூன்றாவது வழி எதுவும் பத்திரகாளிக்குப் புலப்படவில்லை.

வாரியம் எட்டயபுரம் ரோட்டில் முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியில் இருந்தது. ஜன்னல்களையெல்லாம் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். காற்று வந்தால் மெழுகுவர்த்திச் சுடர் ஆடும், சுடர் ஆடினால் சோதனை பிசகும் என்பது வாரியத்தின் கொள்கை. கோட்ட அலுவலர் நவநீதகிருஷ்ணன் மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருடைய மேஜையில் ஒரு ஊதுபத்தி ஸ்டாண்டும், அதில் எப்போதும் எரியாத ஒரு ஊதுபத்தியும் இருக்கும். ஆபீசுக்குள் புகை ஆகாது என்று அவருக்கு டாக்டர் சொல்லியிருந்தாராம்.

முதல் நாள் மோப்பக் குழு கூடியது. குழுவில் மூன்று பேர். பரிசோதிக்கப்படாத பொருளை முகமூடி இல்லாமல் முகரக் கூடாது என்று விதி. மூன்று பேரும் நாலு மடிப்புத் துணியால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் கண்ணை மூடி நெடுநேரம் இழுத்தார். இன்னொருவர் பக்கவாட்டில் சாய்ந்து இழுத்தார். மூன்றாமவர் அப்படியே தூங்கிப்போனார்.

“வாசனை எதுவும் தெரியலையேம்மா” என்றார் நவநீதகிருஷ்ணன். “வாசனை இல்லாத மெழுகுவர்த்தி எங்க வாரியத்துல வராது. அது மின்சார வாரியம் பார்த்துக்கணும்.”

“அந்தத் துணியக் கொஞ்சம் அவுத்துட்டு மோந்து பாருங்க சார்.”

“எப்படிம்மா அவுக்கிறது? இது பாதுகாப்பான பொருள்னு சான்று இருந்தாத்தானே அவுக்கலாம்?”

“அந்தச் சான்றுக்குத்தான சார் வந்திருக்கேன்.”

“அதான் நானும் சொல்றேன்” என்றார் அவர். இரண்டு பேரும் ஒரே கருத்தில் இருப்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

மறுபடி போனாள். இந்தத் தடவை மோப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டு, என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டார்கள். மெழுகு, பஞ்சு, வெட்டிவேர் எண்ணெய் கொஞ்சம் என்றாள்.

“விஷம்?”

“விஷம் இல்ல சார்.”

நவநீதகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

“பாரும்மா. பாதுகாப்புன்னா என்னன்னு நெனைச்சுக்கிட்டிருக்கே? விஷம் இல்லாம இருக்கிறதா? அது வெறும் அதிர்ஷ்டம். விஷம் இருந்து, அது அளவுக்குள்ளதான் இருக்குன்னு நாங்க சொல்லணும். அதுக்குப் பேர்தான் பாதுகாப்பு. விஷமே இல்லாம கொண்டுவந்தா நாங்க எதை அளக்கிறது? எல்லாரும் இப்படியே ஆரம்பிச்சா இந்த வாரியம் எதுக்கு? நாங்கல்லாம் எங்க போறது?”

“அப்போ நான் என்ன சார் செய்யணும்?”

“கொஞ்சமா ஏதாவது சேர்த்துக் கொண்டு வா. நாங்க அளந்து, ஆபத்தில்லைன்னு முத்திரை போட்டுத் தர்றோம். தங்கப்பாண்டியன் செண்டு எவ்வளவு ஒழுங்கா இருக்கு பாரு. அதுல என்னென்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியும்.”

பத்திரகாளி வீட்டுக்குத் திரும்பினாள். வீட்டில் அரிசிப் பானையில் கை விட்டால் அடி தட்டியது. தங்கப்பாண்டியனின் ஆள் டிரம்மை எப்போது இறக்கட்டும் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனான். இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, ஆளைக் காட்டினால்தான் உண்டு என்று முடிவு செய்தாள். வெயிலுமுத்துவை வேட்டி மாற்றி, தலை வாரி, கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் நவநீதகிருஷ்ணன் முன்னால் நிறுத்தினாள்.

“இவிய மூச்ச நம்பித்தான் சார் நான் கேக்கேன். கெட்ட வாசம் பட்டா இவியளுக்கு ஆகாது. எங்க மெழுகுவர்த்தின்னா ஒண்ணுஞ் செய்யாது. நீங்களே பாத்துக்கோங்க.”

நவநீதகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஒரு புது மேஜை வந்தால் சுற்றிப் பார்ப்பதுபோல வெயிலுமுத்துவைச் சுற்றிப் பார்த்தார்.

“கெட்டது பட்டா இருமுவாரா?”

“ஆமா சார்.”

“நல்லதுன்னா?”

“இருமமாட்டாவ.”

“இவ்வளவு நாளா இதை ஏம்மா சொல்லலை?” என்றார் அவர். குரலே தழுதழுத்துவிட்டது. “எங்களுக்கு அளக்கிற கருவி இல்லாம இந்தக் கோட்டத்துல எவ்வளவு வேலை தேங்கிக் கிடக்கு தெரியுமா? நாளைக்குக் காலைல கூட்டிட்டு வா. இவர் முன்னாடி உன் மெழுகுவர்த்தியை ஏத்துவோம். இருமலைன்னா முத்திரை.”

பத்திரகாளி கும்பிட்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வெயிலுமுத்து ஒரே சிரிப்பு. “நான் சும்மா உக்காந்திருந்தாப் போதுமாம்லா. நாட்டுல இத விட நல்ல வேல எவனுக்குக் கெடைக்கும்?” என்றார்.

மறுநாள் காலையில் வாரியத்தின் வாசலில் நகரத்து மெழுகுவர்த்திக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். புதுக் கருவி வந்திருக்கிறது என்று செய்தி பரவியிருந்தது. முந்தி மனுக் கொடுத்தவர்களுக்கு முந்தி, பிந்தி கொடுத்தவர்களுக்குப் பிந்தி. பத்திரகாளி கடைசி. வெயிலுமுத்துவை உள்ளே கூட்டிப் போனார்கள். மனுதாரர் சோதனை அறைக்குள் வரக் கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். ஆணி அடித்த ஜன்னல், சாத்திய கதவு, உள்ளே ஒரு நாற்காலி, அதற்கு முன்னால் வரிசையாக மெழுகுவர்த்திகள்.

அப்போதுதான் பத்திரகாளிக்கு உறைத்தது.

“சார், எங்களுது ஒண்ண மட்டுந்தான பொருத்திப் பாக்கேன்னு சொன்னீங்க! மத்ததெல்லாம் அவிய முன்னால வைக்காதீங்க சார்!”

கதவுக்கு உள்ளிருந்து இருமல் கேட்டது.

“ரோஸ். இருமல் மத்தியமம்” என்று யாரோ சொன்னார்கள். “அடுத்தது மல்லிகை.”

மறுபடி இருமல். இந்தத் தடவை நீளமாக, நடுவில் ஒரு விசில் சத்தத்தோடு. அந்த விசிலை அவள் அறிவாள். அது வந்தால் முதுகை நீவிவிட வேண்டும், வெந்நீர் கொடுக்க வேண்டும், வாசலில் காற்றாட உட்கார்த்த வேண்டும். அவள் கதவில் இரண்டு கையாலும் அடித்தாள். கதவின் இடுக்கில் புகை கசிந்து அவள் முகத்தில் பட்டது. நவநீதகிருஷ்ணன் முகமூடியோடு கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தார்.

“கவலைப்படாதேம்மா. கருவி பிரமாதமா வேலை செய்யுது” என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் பத்திரகாளியின் மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். அறையில் அதற்கு முன்னால் எரிந்தவற்றின் புகையெல்லாம் அப்படியே நின்றது. வெயிலுமுத்து ஏற்கெனவே இருமிக்கொண்டிருந்தார், இதற்கும் இருமினார். “வெட்டிவேர். விஷம் மிக அதிகம்” என்று தீர்ப்பானது. அந்த நேரம் பார்த்துத் தங்கப்பாண்டியன் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். கையில் புதிதாகச் சம்பங்கி செண்டு ஊற்றிய ஒரு மெழுகுவர்த்தி. அண்ணாச்சி ஆபீசுக்குக் காலண்டர் கொடுக்கிறவர் என்பதால் வரிசை முடிந்த பிறகும் அவருக்கு இடம் இருந்தது. சம்பங்கியை ஏற்றினார்கள். வெயிலுமுத்துவுக்கு இருமத் தெம்பில்லை. தலை தொங்கிவிட்டது.

“இருமல் அறவே இல்லை” என்று அறிவித்தார் நவநீதகிருஷ்ணன். “முழுப் பாதுகாப்பு. இப்படி ஒரு பொருளை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை.”

கதவு திறந்ததும் பத்திரகாளி உள்ளே பாய்ந்தாள். அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. “ஏங்க, ஏங்க, இங்கன பாருங்க” என்று கன்னத்தில் தட்டி, தோளில் சாய்த்து இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். வாசலில் காவலாளி சாமித்துரை கையை நீட்டி மறித்தான்.

“தாயி, இவியள வெளிய விட முடியாது. காலைல ஆபீஸ் சாமான்னு வரவு வச்சாச்சு. ராத்திரி நான் கணக்கு ஒப்படைக்கணும்லா.”

“சாமானா? எம் புருஷன்யா!”

“உங்களுக்குப் புருஷன். எனக்கு மோப்பக் கருவி ஒண்ணு. நான் என்ன செய்யட்டும், எம் பிழைப்பும் இதுலதான் இருக்கு.” அவனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஒரு வழி இருக்கு. சாமான் கெட்டுப்போச்சுன்னு ஐயா எழுதிட்டா வெளிய விட்ருவேன். உடைஞ்ச நாற்காலியெல்லாம் அப்படித்தான் போகுது.”

பத்திரகாளி அவரை வராந்தாத் தூணில் சாய்த்து உட்காரவைத்தாள். வராந்தாவில் நல்ல காற்று. மேற்கே இருந்து புழுதியோடு வந்தாலும் அது காற்றுதான். முதுகை நீவி நீவி, அந்த விசில் கொஞ்சம் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு உள்ளே போனாள். அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ தரம் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், ‘இனி அவன் எதுக்கும் ஆகமாட்டான், நீ உம் பாட்டப் பாரு’ என்று. அப்படிச் சொன்னவர்கள் வீட்டு வாசலை அவள் அதற்குப் பிறகு மிதித்ததில்லை.

“சார்” என்றாள். “எம் புருஷன் கெட்டுப்போயிட்டாவ. இனி ஒண்ணுக்கும் உதவமாட்டாவ. கழிச்சு விட்ருங்க.”



நவநீதகிருஷ்ணனுக்கு வருத்தம். ஒரே நாளில் இப்படிப் பழுதாகிவிட்டதே என்றார். ஆனால் வாய்வார்த்தையை நம்பி ஒரு பொருளைக் கழிக்க முடியாது, வேலை செய்கிறதா இல்லையா என்று நேரில் பார்க்க வேண்டும் என்றார். வராந்தாவுக்கு வந்தார். “ஏதாவது ஒரு மெழுகுவர்த்தியை ஏத்து. இருமினா கருவி நல்லா இருக்கு, இங்கயே இருக்கட்டும். இருமலைன்னா கழிச்சிடுறேன்.”

‘விஷம் மிக அதிகம்’ என்று ஒதுக்கிய குவியலிலிருந்து பத்திரகாளி தன்னுடைய மெழுகுவர்த்தியை எடுத்தாள். காற்றில் குச்சி இரண்டு தரம் அணைந்தது. மூன்றாவது குச்சியில் திரி பற்றியது. வெயிலுமுத்துவின் முன்னால் வைத்தாள். “இருமிராதீங்க. எனக்காக, இருமிராதீங்க” என்று அவர் காதில் சொன்னாள்.

அவர் அடக்கவே வேண்டியிருக்கவில்லை. திறந்த வெளியில் அந்த மெழுகுவர்த்தி எரிந்தது, வெட்டிவேர் வாசம் லேசாக வந்தது. வெயிலுமுத்து மெதுவாக உள்ளே இழுத்தார், மெதுவாக வெளியே விட்டார். மறுபடி இழுத்தார். காலையிலிருந்து அவர் விட்ட முதல் முழு மூச்சு அதுதான்.

“நல்லாருக்குட்டி” என்றார்.

“பாத்தீங்களா!” என்று பத்திரகாளி எல்லாவற்றையும் மறந்து கத்திவிட்டாள். “பாத்தீங்களா சார், இருமல! எங்க மெழுகுவர்த்திக்கு இருமல!”

“பார்த்தேன்மா” என்றார் நவநீதகிருஷ்ணன் துக்கத்தோடு. “இவ்வளவு விஷத்துக்கும் இருமலைன்னா கருவி முழுசாப் போயிடுச்சு. நீ சொன்னது சரிதான்.” ஒரு தாளில் ‘இனிப் பயன்படாது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அவளிடம் நீட்டினார். வட்ட முத்திரை. டிரம்மின் மேல் இருக்கிற அதே முத்திரை.

தங்கப்பாண்டியன் அண்ணாச்சி தன் காரில் ஏறப் போனவர் நின்று, “நாளைக்குக் காலைல சம்பங்கி டிரம்ம எறக்கச் சொல்லிருதேன் தாயி. கதவத் தெறந்து வச்சிரு” என்றார். பத்திரகாளி வெயிலுமுத்துவின் கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கினாள். சாமித்துரை தாளை வாங்கிப் படித்துவிட்டுக் கம்பிக் கதவைத் திறந்துவிட்டான்.

“ஏம்மா, ஒரு நிமிஷம்” என்று பின்னாலிருந்து நவநீதகிருஷ்ணன் கூப்பிட்டார். “உங்க வீட்டுல வேற யாருக்காவது இளைப்பு உண்டா?”

காலையிலிருந்து அந்தக் கதவு இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றவள் பத்திரகாளி. தொண்டைக்குள் ஏதோ அறுத்துக்கொண்டே இருந்தது. அதை எச்சிலோடு கூட்டி விழுங்கினாள்.

“இல்ல சார். வேற யாருமில்ல.”

ரோட்டுக்கு வந்தார்கள். அடிக்கடி நின்று நின்று நடந்தார்கள். வெயிலுமுத்து ஒரு இடத்தில், “ஏட்டி, ஒன் மொகம் ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?” என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. வளைவு திரும்பி, கிட்டங்கி கண்ணுக்கு மறைந்து, சாமித்துரையின் காதுக்கும் எட்டாது என்று நிச்சயமான பிறகுதான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இருமினாள்.